எடுத்தலும் கொடுத்தலும்

ஒரு மொழியின் பெரிய சொற்களைக் கற்பது எளிது. சிறிய சொற்களைக் கற்பதே அரிது. இக்கூற்று முதலில் வியப்பைத் தரலாம். வானூர்தி, வேதியியல், நாடாளுமன்றம் முதலிய சொற்களுக்குப் பொருள் ஒன்றே. அகராதியை ஒரு முறை திறந்து பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். எடு, கொடு, போடு, பிடி, வை என்னும் வினைகளோ அத்தகையன அல்ல. அவை நாள்தோறும் எல்லார் நாவிலும் பயில்பவை; அவ்வாறு பயின்று பயின்று பல பொருள்களை ஏற்றவை. குழந்தை முதலில் கற்கும் சொற்கள் அவை; அயல்நாட்டார் இறுதியில் கற்கும் சொற்களும் அவையே.

ஆங்கிலத்தில் 'டேக்' என்பது அத்தகைய ஒரு வினை. அகராதி அதற்கு 'எடு' என்று முதற்பொருள் கூறும். அப்பொருளை மட்டும் அறிந்த ஒருவன் ஓர் ஆங்கில நூலைப் படிக்கத் தொடங்குகிறான் எனக் கொள்வோம். அந்நூலில் ஒரு கூட்டம் 'இடத்தை எடுக்கிறது'. ஒரு சிறுவன் தன் தந்தைக்குப் 'பின்னே எடுக்கிறான்'. ஒரு திருடன் தன் 'குதிகால்களுக்கு எடுக்கிறான்'. ஊருக்குச் செல்லும் மகனிடம் தாய், 'கவனத்தை எடு' என்கிறாள். சொற்கள் அனைத்தும் அவன் அறிந்தவை. ஆயினும் ஒரு தொடரும் அவனுக்கு விளங்கவில்லை. கூட்டம் நடைபெறுகிறது என்பதும், சிறுவன் தந்தையைப் போன்றிருக்கிறான் என்பதும், திருடன் ஓட்டம் பிடித்தான் என்பதும், தாய் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று கூறினாள் என்பதும் அவனுக்கு யாங்ஙனம் புலப்படும்?

இவ்வாறு தனிச்சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற இயலாத பொருளைத் தரும் தொடர்களை மரபுத்தொடர் என்பர். மரபுத்தொடரின் பொருள் அதிலுள்ள எந்த ஒரு சொல்லிலும் இல்லை. தொடர் முழுவதிலுமே உள்ளது. ஆகவே, ஒரு மொழியின் மரபுத்தொடரை மற்றொரு மொழியில் பெயர்க்கும்போது சொல்லைப் பெயர்த்தல் போதாது. இவ்வுண்மையை ஆங்கிலம், செக் என்னும் இருமொழிகளின் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

செக் மொழி ஐரோப்பாவின் நடுவே உள்ள செக் குடியரசில் வழங்குவது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அதனைப் பேசுகின்றனர். அம்மக்களுள் சிலர்க்கு ஆங்கிலம் கற்றல் ஒருகாலத்தில் உயிரோடு தொடர்புடைய செயலாயிற்று. 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செருமானியப் படை அந்நாட்டினுள் புகுந்தது. விமானப் படையினர் பலர் தாயகத்தைவிட்டு மறைவாக வெளியேறினர். போலந்து, பிரான்சு ஆகிய நாடுகளைக் கடந்து பிரிட்டனை அடைந்தனர். 1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு என்னும் விமானத்தளத்தில் அவர்களுக்கென 310ஆம் போர்விமான அணி அமைக்கப்பட்டது. பறக்கும் கலையில் அவர்கள் வல்லுநர். ஆனால், பலர்க்கு ஆங்கிலம் தெரியாது. தரையிலிருந்து வானொலி வழியே வந்த கட்டளைகளோ ஆங்கிலத்தில் இருந்தன. பொருளை ஆராய்ந்து உணர அங்குக் காலம் ஏது? போரின் நடுவே அவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டியதாயிற்று.

விமானம் தரையைவிட்டு மேலெழுதலை ஆங்கிலம் 'டேக் ஆஃப்' என்று கூறும். 'டேக்' என்றால் எடு. 'ஆஃப்' என்றால் அப்பால். இரண்டையும் கூட்டினால் 'அகற்று' என்னும் பொருளே கிடைக்கும். உடையைக் களைவதற்கும் தொப்பியைக் கழற்றுவதற்கும் ஆங்கிலேயர் இதே தொடரையே வழங்குவர். செக் மொழியிலோ இம்மூன்று செயல்களுக்கும் மூன்று தனி வினைகள் உண்டு. விமானம் மேலெழுதல் 'வ்ஸ்லேத்னௌத்'. உடை களைதல் 'ஸ்வ்லேக்னௌத்'. வணக்கம் தெரிவிக்கத் தொப்பியைக் கழற்றுதல் 'ஸ்மெக்னௌத்'. முதற்சொல்லின் தொடக்கத்திலுள்ள 'வ்ஸ்' மேல்நோக்கிய இயக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. எஞ்சிய பகுதி பறத்தலைக் குறிப்பது. மேலே பறந்தெழு என்பதனை அம்மொழி ஒரே சொல்லுள் அடக்கிவிடுகிறது.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? பழைய ஆங்கிலத்தில் சொற்களின் இறுதியில் உருபுகள் பல இருந்தன. காலப்போக்கில் அவற்றுள் பெரும்பாலானவை தேய்ந்து மறைந்தன. அவை செய்துவந்த பணியைச் சொற்களின் வரிசையும், 'ஆஃப்', 'அப்', 'இன்' போன்ற சிறு துணைச்சொற்களும் ஏற்றுக்கொண்டன. செக் மொழியோ தன் உருபுகளைப் போற்றி வைத்துள்ளது. அதற்கு ஏழு வேற்றுமைகள் உள. வினையின் முன்னே ஒட்டுகள் சேர்ந்து பொருளை வேறுபடுத்துவதும் அதன் இயல்பு. ஆகவே, ஆங்கிலம் சிறு சொற்களைத் தொடுத்துக் கூறுவதனைச் செக் மொழி ஒரு சொல்லின் உறுப்புகளால் கூறிவிடுகிறது.

எடுத்தல் என்னும் பொருளுடைய வினைகளின் வரலாறு சுவையானது. 'டேக்' ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. வடகடலைக் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியிலிருந்து வந்தது அது. அதற்குமுன் ஆங்கிலேயர் 'நிமன்' என்னும் சொல்லை வழங்கினர். வந்த சொல் நிலைபெற, இருந்த சொல் மறைந்தது. ஆயினும், அதன் சுவடு முற்றும் அழியவில்லை. உணர்விழந்து மரத்துப்போன நிலையைக் குறிக்கும் 'நம்' என்னும் ஆங்கிலச் சொல் அப்பழைய வினையின் வழிவந்ததே. உணர்வு எடுக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள்.

செக் மொழியிலும் இதனையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 'யிமௌத்' என்னும் பழைய வினை எடுத்தலைக் குறித்தது. இன்று அது தனித்து வழங்குதல் அரிது. எனினும், முன்னொட்டுகளோடு கூடிய பல சொற்களில் அது வாழ்கிறது. வாடகை 'நாயெம்', ஆர்வம் 'ஸாயெம்', கருத்துரு 'போயெம்', மனத்தில் பதியும் எண்ணம் 'தோயெம்'. இந்நான்கின் இறுதியில் நிற்கும் 'யெம்' அப்பழைய வினையின் எச்சமே. செக் மக்கள் எடுத்தல் என்னும் நினைவே இன்றி ஒரு நாளில் பன்முறை அவ்வினையை எடுத்தாள்கின்றனர்.

இன்று செக் மொழியில் எடுத்தலைக் குறிக்க வழங்கும் வினைகள் இரண்டு. தொடர்ந்தோ அடிக்கடியோ நிகழும் எடுத்தல் 'பிராத்'. ஒருமுறை நிகழ்ந்து முற்றுப்பெறும் எடுத்தல் 'வ்ஸீத்'. நாள்தோறும் மருந்து உட்கொள்பவன் முதல் வினையைக் கூறுவான். மேசைமேலிருந்த நூலை எடுத்துக்கொண்டவன் இரண்டாம் வினையைக் கூறுவான். செயலின் முற்றையும் முற்றாமையையும் இங்ஙனம் வேறு பிரித்தல் அம்மொழியின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று. ஆங்கிலத் தொடரைப் பெயர்க்கும் செக் நாட்டார், எடுத்தல் என்னும் பொருளே பொருந்தும் இடத்திலும், எந்த எடுத்தல் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, மரபுத்தொடர்களை நான்கு வகையாகப் பகுத்துக் காண்போம்.

முதல் வகையில் இருமொழிகளும் ஒத்துச் செல்லும். ஓர் அறிவுரையை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்வதனை ஆங்கிலம் 'நெஞ்சுக்கு எடுத்தல்' என்னும்; செக் மொழியும் அவ்வாறே கூறும். ஒன்றைக் கருத்திற்கொள்வதனை ஆங்கிலம் 'கணக்கினுள் எடுத்தல்' என்னும். செக் மொழி 'எண்ணத்துள் எடுத்தல்' என்னும். இடர்ப்பாட்டைத் துணிந்து நேரே எதிர்கொள்வதற்குக் 'காளையைக் கொம்பால் பற்றுதல்' என்னும் உருவகம் இரண்டிற்கும் பொது. ஐரோப்பிய மொழிகள் நெடுங்காலம் ஒன்றோடொன்று கொண்ட உறவால் இத்தகைய ஒற்றுமைகள் பல ஏற்பட்டுள்ளன. கற்பவனை ஏமாற்றுவன இவையே. இரண்டு தொடர்கள் ஒத்திருப்பதைக் கண்டவன் மூன்றாவதும் ஒக்கும் என்று நம்பிவிடுகிறான்.

இரண்டாம் வகையில் வினை ஒன்றே, காட்சி வேறு. அஞ்சி ஓடுபவன் ஆங்கிலத்தில் தன் குதிகால்களின் உதவியை நாடுகிறான். செக் மொழியில் அவன் 'வ்ஸீத் நொஹி நா ரமெனா' என்னும் செயலைச் செய்கிறான். அஃதாவது, கால்களை எடுத்துத் தோள்களின்மேல் வைத்துக்கொள்கிறான்! இஃது எவ்வாறு இயலும் என்று வினவுதல் வீண். விரைந்தோடுபவனின் கால்கள் உயர எழுதலை மிகைப்படுத்திக் காட்டும் நகைச்சுவை ஓவியம் அது. 'பின்னங்கால் பிடரியில் பட ஓடினான்' என்று கூறும் தமிழர்க்கு இவ்வோவியம் புதியதன்று.

மூன்றாம் வகையில் எடுத்தல் என்னும் வினையே மறைந்துவிடும். கூட்டம் நடைபெறுதலைக் குறிக்கச் செக் மொழியில் 'கொனத் ஸெ' என்னும் வினை உண்டு. அதில் இடமும் இல்லை, எடுத்தலும் இல்லை. 'டேக் பார்ட்' என்று ஆங்கிலம் கூறும் பங்கு கொள்ளுதலை 'ஊசஸ்த்னித் ஸெ' என்பர். பங்கு என்று பொருள்படும் 'சாஸ்த்' அச்சொல்லினுள்ளேயே அமைந்திருக்கிறது. தந்தையை ஒத்த மகனைப்பற்றி, 'அவன் தந்தைக்குப் பின் இருக்கிறான்' என்பர். ஆங்கிலத் தொடரிலுள்ள 'பின்' இங்கும் உண்டு. 'எடு' மட்டும் இல்லை. பேருந்தில் செல்வதனை ஆங்கிலேயர் 'பேருந்தை எடுத்தல்' என்பர். செக் மக்கள் கருவிப்பொருள் தரும் வேற்றுமையைச் சேர்த்து, 'பேருந்தால் செல்கிறேன்' என்பர். நாம் 'படம் எடுத்தான்' என்கிறோம். ஆங்கிலமும் 'எடுத்தான்' என்றே கூறும். செக் மொழியிலோ படம்பிடித்தலுக்கென ஒரு தனிவினை உண்டு. தமிழும் ஆங்கிலமும் இவ்விடத்தில் உடன்பட, ஆங்கிலத்திற்கு அண்மையில் வழங்கும் மொழி வேறுபடுதல் காண்க.

நான்காம் வகையே பெரிதும் வியப்பைத் தருவது. ஆங்கிலம் 'எடு' என்னும் இடத்தில் செக் மொழி 'கொடு' என்னும். கொடுத்தல் அம்மொழியில் 'தாத்'. 'ஸி' என்னும் சிறுசொல் 'தனக்கு' என்னும் பொருளது. இரண்டும் சேர்ந்து 'தாத் ஸி' என நிற்கும்போது, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளுதல் என்றாகும். வேலையின் நடுவே ஓய்வு கொள்பவன் ஆங்கிலத்தில் ஓய்வை எடுக்கிறான். செக் மொழியில் தனக்கு ஓய்வு கொடுத்துக்கொள்கிறான். 'விரையாதே, பொறுத்துச் செய்' என்பதற்கு ஆங்கிலேயர், 'டேக் யுவர் டைம்', அதாவது 'உன் நேரத்தை எடு' என்பர். செக் மக்களோ, 'தெய் ஸி நா சாஸ்' என்று, 'உனக்கு நீ நேரம் கொடுத்துக்கொள்' என்னும் வடிவில் கூறுவர். 'விழிப்பாயிரு' என எச்சரிக்கும்போது ஆங்கிலத்தில் கவனத்தை எடுக்க வேண்டும். செக் மொழியில் கவனத்தைக் கொடுக்க வேண்டும். உணவகத்தில் காப்பி அருந்த விரும்புபவனும் 'எனக்குக் காப்பி கொடுத்துக்கொள்வேன்' என்னும் பொருள்படவே கூறுவான்.

எடுத்தலும் கொடுத்தலும் மறுதலைச் சொற்கள் அல்லவோ? ஒரே செயலை ஒரு நாட்டார் எடுத்தல் என்றும் மற்றொரு நாட்டார் கொடுத்தல் என்றும் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? ஓய்வும் நேரமும் கையால் எடுக்கத்தக்க பொருள்கள் அல்ல, கொடுக்கத்தக்கனவும் அல்ல. இத்தொடர்களில் வினை தன் சொந்தப் பொருளை ஏறத்தாழ இழந்து, தொடரைத் தாங்கும் தூணாக மட்டும் நிற்கிறது. எம்மரத்தால் தூணை அமைப்பது என்பது அவ்வம்மொழியின் வழக்கம். ஆகவே, ஆங்கிலேயர் எடுக்கும் இயல்பினர், செக் மக்கள் கொடுக்கும் இயல்பினர் என்று முடிவு செய்வது பேதைமை. மொழிவழக்கைக் கொண்டு ஒரு மக்களின் குணத்தை அளத்தல் ஆகாது.

மறுதிசையிலும் இவ்வாறே நிகழும். செக் மொழியில் மணமக்கள் 'ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டனர்' என்றால் திருமணம் செய்துகொண்டனர் என்பது பொருள். நம்பிக்கைகள் 'தமக்கென எடுத்தன' என்னும் வடிவில் ஒரு தொடர் வரின், அவை அழிந்தொழிந்தன என்பது பொருள். இவற்றைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் முதல் தொடரைக் கண்டு திகைப்பர். இரண்டாம் தொடருக்கு நேர்மாறான பொருளைக் கொள்ளவும் கூடும்.

இவ்விரு மொழிகளையும் ஒப்புநோக்கி ஆராய்ந்த பேரறிஞர் விலேம் மத்தேசியுஸ் என்பவர். அவர் 1882ஆம் ஆண்டில் பிறந்தார். 1912ஆம் ஆண்டில் பிராகு நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். 1926ஆம் ஆண்டில் அவரது முயற்சியால் தோன்றிய பிராகு மொழியியல் வட்டம் உலகப் புகழ் பெற்றது. ஒரு கருத்து மனத்தில் எழும்போது ஒவ்வொரு மொழியும் அதனை எவ்வழியில் வெளியிடுகிறது என்று காண்பது அவர்தம் ஆராய்ச்சி முறை. செக் மொழி முழுப்பொருளுடைய ஒரு வினையால் கூறுவதனை, ஆங்கிலம் பொருள் குன்றிய ஒரு வினையாலும் அதனோடு சேர்ந்த ஒரு பெயராலும் கூற விரும்புகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். நாம் மேலே கண்ட மூன்றாம் வகைத் தொடர்கள் பலவற்றிற்கு அவர் கூற்றே விளக்கமாகும்.

மத்தேசியுஸின் கண்ணொளி நடுவயதிலேயே குன்றியது. பிறர் படித்துக்காட்டக் கேட்டு அவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1936ஆம் ஆண்டில், ஆங்கிலத்துக்கு அஞ்சாதீர் என்னும் பொருளுடைய தலைப்பில் பொதுமக்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார். மூன்றாண்டுகளில், 1939 நவம்பர் 17ஆம் நாள், நாட்டைக் கைப்பற்றியிருந்த செருமானியர் செக் பல்கலைக்கழகங்களை மூடினர். அவை மீண்டும் திறக்கப்பட்டதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பிராகு நகரம் விடுதலை பெறுவதற்குச் சில கிழமைகள் இருக்கும்போது, 1945 ஏப்ரல் திங்களில் அவர் உயிர் நீத்தார். இக்கால ஆங்கிலத்தைப்பற்றிய அவருடைய விரிவுரைகள் 1961ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

ஒரு சொற்றொடரை எவ்வாறு பெயர்த்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். செக் மக்கள் அவ்வாறு எண்ண இயலாத நிலையில் இருந்தனர். 1620ஆம் ஆண்டில் வெள்ளைமலைப் போரில் அவர்கள் தோல்வியுற்றபின், ஆட்சியிலும் உயர்கல்வியிலும் செருமானிய மொழி மேலோங்கியது. செக் மொழி பெரும்பாலும் உழவர் நாவிலும் தொழிலாளர் நாவிலும் மட்டுமே வாழ்ந்தது. அம்மொழி உயர்ந்த இலக்கியத்தைத் தாங்குமோ என்று ஐயுற்றோர் பலர். யோசெப் யுங்மன் என்னும் அறிஞர் 1811ஆம் ஆண்டில் மில்டனின் 'சுவர்க்க நீக்கம்' என்னும் ஆங்கிலப் பெருங்காப்பியத்தைச் செக் மொழியில் பெயர்த்து அவ்வையத்தைப் போக்கினார். பின்னர், 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்-செருமானிய அகராதியையும் வெளியிட்டார். மொழிபெயர்ப்பு அம்மக்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. தம் மொழி வாழும் என்பதற்குச் சான்று.

ஆனால், மொழிபெயர்ப்பால் ஊறும் நேரக்கூடும். சொற்கள் செக் மொழியாகவும் தொடரமைப்பு செருமானியமாகவும் உள்ள எழுத்துகள் பெருகின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் பலர் அத்தகைய தொடர்களைக் களையெடுக்க முற்பட்டனர். அவருள் சிலர், வேரூன்றிப் பயனளித்த வழக்குகளையும் பிடுங்க விரும்பினர். மத்தேசியுஸ் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை வற்புறுத்தினார். மொழி நிலையாக நிற்கவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

செக் நாட்டார் ஒருவர் தமிழுக்கும் இப்பணியைச் செய்துள்ளார். கமில் சுவெலபில் என்னும் அவ்வறிஞர் 1927ஆம் ஆண்டில் பிராகில் பிறந்து 2009ஆம் ஆண்டில் மறைந்தார். தமிழ் பயின்று, பிராகில் தமிழ் கற்பித்து, நம் இலக்கியங்களைத் தம் தாய்மொழியில் பெயர்த்தளித்தார். நம் எடு, கொடு, படு, கொள் என்னும் சிறு வினைகளின் முன்னே அவரும் நின்று எண்ணியிருத்தல் வேண்டும். 'கண் வை', 'கை கொடு', 'வாய் விடு' என்பவற்றை உறுப்புகளின் பெயரென்று கொண்டிருந்தால், செக் மக்களுக்குத் தமிழின் சுவை ஒரு சிறிதும் சென்று சேர்ந்திராது.

மொழிபெயர்க்கத் தொடங்கும் மாணவர் இவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். தொடரின் சொற்களைப் பிரிக்குமுன், தொடர் முழுவதையும் பன்முறை படித்தல் வேண்டும். அதனைக் கூறுபவர் யார், கேட்பவர் யார், எச்சூழலில் கூறுகின்றனர் என்று எண்ணுதல் வேண்டும். அதே சூழலில் நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளோர் இயல்பாக என்ன கூறுவர் என்று செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். இறுதியாக, தாம் எழுதியதை ஆங்கிலம் அறியாத ஒருவர்க்குப் படித்துக்காட்டுதல் வேண்டும். அவர் தடையின்றிப் பொருள் உணர்ந்தால், பெயர்ப்பு நிறைவுற்றது எனலாம். அவர் நெற்றியைச் சுருக்கினால், சொல் வந்துவிட்டது, பொருள் இன்னும் வந்து சேரவில்லை என்று அறிந்து மீண்டும் எழுதுதல் வேண்டும்.